மதகின் கணக்கு

கரும்பு அரவைக் காலம். காலை எட்டே முக்கால் மணி. மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரம் கடைவீதி மும்முனைச் சந்திப்பில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்கி நிற்கிறது. முனையில் ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டி. அதை ஒட்டி நாலு பைக். எதிரே ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும் டவுன் பஸ். டிராக்டர் ஓட்டுபவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தும் ஒரே வளைப்பில் திரும்ப முடியவில்லை. நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி ஒடிக்கிறார். பள்ளிப் பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிய பைக்குகள் இருக்கிற சந்துகளில் எல்லாம் நுழைகின்றன. அரை நிமிடத்தில் மூன்று சாலையும் கட்டிக்கொண்டு விடுகின்றன.

பக்கத்து டீக்கடையில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "ரோடு பத்தலைங்க. அகலப்படுத்தணும்."

நம் ஊர்களில் நெரிசலுக்குச் சொல்லப்படும் முதல் மருந்து இதுதான். இரண்டாவது, புறவழிச்சாலை. மூன்றாவது, சிக்னல். மூன்றுமே சில இடங்களில் சரியான மருந்துதான். ஆனால் நாடி பார்க்காமல் தரப்படும் மருந்து. நெரிசல் எப்படிப் பிறக்கிறது என்று கடந்த நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதமும் பொறியியலும் கண்டுபிடித்தவற்றைக் கொண்டு இந்த மும்முனையைப் பார்த்தால், கோளாறு வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

வாய்க்காலும் மதகும்

கல்வராயன்மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் பாயும் பக்கம் இது. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு நெரிசலின் முதல் விதியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும், மதகு விடுகிற தண்ணீர்தான் வயலுக்கு வரும். சாலை வாய்க்கால்; சந்திப்பு மதகு. ஊருக்கு வெளியே சாலை ஏழு மீட்டர் இருந்தாலும் பதினாலு மீட்டர் இருந்தாலும், மும்முனை ஒரு நிமிடத்துக்கு எத்தனை வண்டியை விடுகிறதோ அதுதான் ஊரின் கொள்ளளவு.

சாலைக்கு உள்ளேயும் ஒரு விசித்திரம் உண்டு. 1930களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் சாலையோரம் சினிமா கேமராவை வைத்து, ஓடும் வண்டிகளைப் படம் பிடித்தார். ஒவ்வொரு சட்டகமாக எண்ணி, வேகத்தையும் நெருக்கத்தையும் ஒப்பிட்டார். வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் கடந்து போகும் மொத்த வண்டிகளின் எண்ணிக்கை முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டால், கூடுதலாக நுழையும் ஒவ்வொரு வண்டியும் மற்றவற்றையும் சேர்த்து மெதுவாக்குகிறது. சாலை நிரம்பி வழிகிறது என்றால் அதிக வண்டிகள் போகின்றன என்று அர்த்தமில்லை. குறைவாகப் போகின்றன.

தடையே இல்லாத இடத்திலும் நெரிசல் முளைக்கும் என்பதை 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை காட்டியது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் சீராக ஓட்டுங்கள் என்றார்கள். சந்திப்பு இல்லை, சிக்னல் இல்லை, குழி இல்லை. சிறிது நேரம் சீராகத்தான் ஓடின. பிறகு ஒருவர் லேசாக பிரேக் பிடிக்க, பின்னால் வந்தவர் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்க, அதற்குப் பின்னால் வந்தவர் நின்றே விட்டார். அந்த நிற்கும் அலை வட்டத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. கடைவீதியில் ஒரு பைக் திடீரென்று குறுக்கே வந்தால் நூறு மீட்டர் பின்னால் இருக்கும் பஸ் ஏன் நிற்கிறது என்பதற்கு இதுவே விடை.

டிராக்டரும் மாட்டுவண்டியும் எத்தனை கார்?

கணக்குப் போட வேண்டுமானால் எல்லா வண்டிக்கும் ஒரு பொது அளவை வேண்டும். சைக்கிளையும் லாரியையும் ஒன்று, இரண்டு என்று சேர்த்து எண்ண முடியாது. இந்திய சாலைக் காங்கிரஸ் இதற்காகக் காரை ஓர் அலகாக வைத்து, மற்ற வண்டிகள் எத்தனை காருக்குச் சமம் என்று பட்டியல் தந்திருக்கிறது. நகரச் சாலைகளுக்கான 1990ஆம் ஆண்டு வழிகாட்டியில், ஓட்டத்தில் அந்த ரகத்தின் பங்கு குறைவாக இருக்கும்போது பஸ்ஸோ லாரியோ 2.2 அலகு, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4 அலகு. பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டினால் பஸ் 3.7 ஆகவும் டிராக்டர் 5 ஆகவும் ஏறும். பைக் மலிந்த சாலையில் பைக் 0.75. கிராமப்புறச் சாலைகளுக்கான அதே ஆண்டு வழிகாட்டியில் மாட்டுவண்டிக்கு 8 அலகு! இடம் அடைப்பது மட்டுமல்ல, மெதுவாகப் போவதும் மற்றவர்களைத் தடுப்பதும் சேர்ந்த மதிப்பு இது.

இந்தப் பட்டியலை வேறு விதமாகவும் படிக்கலாம். அறுபது பேர் சங்கராபுரம் வர வேண்டும். ஒரே பஸ்ஸில் வந்தால் அவர்கள் மும்முனையில் கேட்கும் இடம் 2.2 அலகு. பைக்கில் வந்தால், இரண்டு பைக்குக்கு மூன்று பேர் என்று வைத்தாலும் 40 பைக், 30 அலகு. அதே ஆட்கள், அதே வேலை, பதின்மூன்று மடங்கு இடம். அதனால் திட்டமிடுபவர் முதலில் எண்ண வேண்டியது ஆட்களை. வண்டிகள் அப்புறம்.

ஐந்து சதவீதத்தின் வலிமை

இனி மையக் கணக்கு. 1909இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற கணிதர், இணைப்பகத்துக்கு வரும் அழைப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வரிசைகளைப் பற்றிய அறிவியல் அங்கே தொடங்கியது. ரேஷன் கடை, வங்கி, டோல்கேட், சாலைச் சந்திப்பு எல்லாமே வரிசைகள்தான்.

எண் புரிவதற்காக ஒரு மாதிரி மும்முனையை எடுத்துக்கொள்வோம். அது 3 விநாடிக்கு ஓர் அலகை விடுகிறது. மணிக்கு 1,200 அலகு. வண்டிகள் சீராக வராமல் முன்பின்னாக வருவதால் வரிசை உருவாகிறது. எளிய வரிசைக் கணக்குப்படி, கொள்ளளவில் பாதி அளவு வண்டிகள் வந்தால் ஒரு வண்டி சந்திப்பைக் கடக்கச் சராசரியாக 6 விநாடி. 80 சதவீதம் வந்தால் 15 விநாடி. 90 சதவீதத்தில் 30. 95 சதவீதத்தில் 60. 98 சதவீதத்தில் 150. கொள்ளளவைத் தாண்டிவிட்டால் சராசரி என்ற பேச்சே இல்லை. வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

இந்த எண்களை இன்னொரு முறை படியுங்கள். 50இலிருந்து 80 சதவீதம் வரை ஏறியதில் கூடிய காத்திருப்பு 9 விநாடி. 95இலிருந்து 98க்கு ஏறியதில் 90 விநாடி. "போன வருஷம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்று கடைக்காரர்கள் சொல்வதில் தவறில்லை. வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடுகின்றன. காத்திருப்புதான் ஒரே பாய்ச்சலில் கூடுகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் பிடித்தால் நல்ல செய்தி. 95 சதவீதத்திலிருந்து 90க்கு இறங்கினால் காத்திருப்பு பாதியாகிவிடும். நெரிசலை ஒழிக்கப் பாதி வண்டிகளை விரட்ட வேண்டியதில்லை. நம் மாதிரியில் ஐந்து சதவீதம் என்பது மணிக்கு 60 அலகு. பள்ளி நேரமான அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் 15 கரும்பு டிராக்டர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்தால் 60 அலகு. அல்லது பைக்கில் வருகிறவர்களில் இரண்டு பஸ் நிறைய ஆட்களை மாற்றினால் ஏறக்குறைய அதே அளவு.

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் இதை ஊரளவில் செய்து பார்த்தது. 2006 ஜனவரியில் தொடங்கி ஏழு மாதம், நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்குப் பரீட்சார்த்தமாகக் கட்டணம் வைத்தார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தன. வரிசையில் நின்ற நேரமோ 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது. சங்கராபுரத்துக்குக் கட்டணச் சாவடி வேண்டாம். ஆனால் அந்தப் பாடம் வேண்டும்.

ஒன்பது புள்ளி, முப்பத்திரண்டு புள்ளி

இரண்டு வண்டிகளின் பாதைகள் பிரியும், சேரும், குறுக்கிடும் இடங்களை மோதல் புள்ளிகள் என்பார்கள். இருவழிச் சாலைகள் மூன்று சந்தித்தால் ஒன்பது புள்ளிகள். நான்கு சந்தித்தால் முப்பத்திரண்டு. ஒரு சாலைதான் கூடுகிறது. தொல்லை மூன்றரை மடங்காகிறது. கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்புக்குத் தேவைப்படும் போலீசாரும் சிக்னலும் சங்கராபுரம் மும்முனைக்கும் அப்படியே தேவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இது அடிப்படையிலேயே எளிய சந்திப்பு. எளிய சந்திப்பு திணறுகிறது என்றால், அதன் வடிவம் குற்றவாளி அல்ல. அதன் வாயை எதுவோ அடைக்கிறது.

எது? மறுபடி மாதிரிக் கணக்கு. மும்முனையை ஒட்டியே பஸ்கள் நின்று ஆள் ஏற்றுகின்றன. மணிக்கு 20 பஸ், ஒவ்வொன்றும் 30 விநாடி. அந்த நேரத்தில் பின்னால் வருவது நகர முடியாது என்றால், ஒரு மணியில் பத்து நிமிடம் மதகு மூடிக் கிடக்கிறது. கொள்ளளவு 1,200இலிருந்து 1,000 ஆகிவிட்டது. வருவதோ 1,140. முன்பு 95 சதவீதமாக இருந்தது இப்போது 114 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 140 அலகு தேங்கி நிற்கும். சாலை அகலம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. வண்டி ஒன்றுகூடக் கூடவில்லை.

தீர்வு அதே கணக்கிலேயே இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்தைச் சந்திப்பு வாயிலிருந்து எழுபது, எண்பது மீட்டர் தள்ளி, முடிந்தால் சந்திப்பைத் தாண்டிய பக்கத்தில் வைத்தால் 200 அலகு கொள்ளளவு திரும்பி வரும். அங்கே நிழலுக்கு ஒரு கூரையும் உட்காரப் பலகையும் போட்டால்தான் ஆட்கள் அங்கே போய் நிற்பார்கள். கூரை இல்லாத நிறுத்தம் வெறும் அறிவிப்புப் பலகை. கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கும் பெண் முனைக் கடையின் நிழலுக்குத்தான் வருவார். பஸ்ஸும் அவர் இருக்கும் இடத்தில்தான் நிற்கும்.

கடை வாசலில் நிற்கும் பைக்

அடுத்த அடைப்பு, நிறுத்தி வைத்த வண்டிகள். பைக்கைக் குறுக்காக நிறுத்தினால் ஒரு பக்கம் இரண்டு மீட்டர் போகும். இரண்டு பக்கமும் நிறுத்தினால் ஏழு மீட்டர்ச் சாலை மூன்று மீட்டராகிவிடும்.

"வாசலில் வண்டி நிறுத்த விடலேன்னா வியாபாரம் படுத்துடும்" என்பது கடைக்காரர்களின் நியாயமான பயம். ஆனால் அந்த வாசலில் காலை முதல் இரவு வரை நிற்பது பெரும்பாலும் யாருடைய பைக் என்று பாருங்கள். கடை முதலாளியுடையதும் வேலையாட்களுடையதுமாக இருந்தால், பத்து மணி நேரத்தில் அந்த இடத்தால் பயன்பட்ட வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. ஆளுக்கு இருபது நிமிடம் என்று விட்டிருந்தால் முப்பது வாடிக்கையாளர்கள் வந்து போயிருப்பார்கள். கடைக்காரர் வண்டிகளுக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் இடம், வாசல் வாடிக்கையாளருக்கு என்று வணிகர்களே பேசி முடிவு செய்தால், சாலையும் மிஞ்சும், வியாபாரமும் மிஞ்சும்.

தள்ளுவண்டிகளை விரட்டுவது மட்டும் திட்டம் ஆகாது. சாலையோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்குத் தந்திருக்கிறது. சந்திப்பு வாயில் நிற்கும் நாலு வண்டிகளுக்கு, ஜனம் நடந்து போகும் வழியிலேயே இருபது மீட்டர் தள்ளி இடம் கொடுத்தால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கொடுத்தால் மறுநாளே திரும்பி வருவார்கள்.

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம், கடைத்தெருவின் இடத்தைப் புதிதாகப் பங்கிடுவதற்குப் பெரிய அளவிலான உதாரணம். மாநிலத்தின் மிகப் பரபரப்பான கடைத்தெரு ஒன்றில் வண்டிகளுக்கான அகலத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்கு அகலத்தைக் கூட்டினார்கள். தென்கொரியாவின் சியோல் இன்னும் ஒரு படி மேலே போனது. 2003இல் நகர நடுவே இருந்த மேம்பாலச் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005இல் அந்த இடத்தில் சோங்கேசோன் ஓடையைத் திறந்துவிட்டது. இதற்குக் கணித அடிப்படையும் உண்டு: ஒரு பாதை கூடினால் எல்லோருடைய பயணமும் மெதுவாகலாம், குறைந்தால் வேகமாகலாம் என்று ஜெர்மன் கணிதர் டீட்ரிச் பிராஸ் 1968இலேயே காகிதத்தில் நிறுவியிருந்தார்.

புறவழிச்சாலை யாருக்கு?

கள்ளக்குறிச்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே இருப்பதால் சங்கராபுரத்தில் இரண்டு வகை வண்டிகள் உண்டு: ஊருக்கு வருபவை, ஊரைத் தாண்டிப் போபவை. புறவழிச்சாலை இரண்டாவது வகைக்கு மட்டுமே மருந்து. எது எவ்வளவு என்று தெரியாமல் கோடிகளைக் கொட்டக் கூடாது.

தெரிந்துகொள்வது கடினமில்லை. ஊரின் ஒவ்வொரு நுழைவாயிலிலும் இரண்டு பேர் உட்கார்ந்து, கடக்கும் வண்டிகளின் கடைசி நான்கு எண்களையும் நேரத்தையும் எழுத வேண்டும். இங்கே நுழைந்த எண் பத்து நிமிடத்தில் அங்கே வெளியேறினால் அது தாண்டிப் போகும் வண்டி. வெளியேறவில்லை என்றால், அது மார்க்கெட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ வந்தது. பத்தில் ஏழு வண்டி ஊருக்கே வருகிறது என்று தெரியவந்தால், புறவழிச்சாலை போட்ட பிறகும் கடைவீதியில் அந்த ஏழும் நிற்கும்.

ஊருக்கே வரும் வண்டிகளைக் குறைக்கப் பஸ்தான் வழி. அதுவும் கிராமத்துக்குள் போகும் பஸ். இதற்காகத்தான் 1997இல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது. 2025 ஜூனில் புதிய வடிவில் தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்டது. 2021 மே மாதம் முதல் அரசுச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கட்டணத்தைவிட ஜனம் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பஸ் என்றால், வீட்டில் பைக் வாங்க முடிந்தவர் வாங்கிவிடுவார். ஒருமுறை வாங்கிய பைக் பிறகு பஸ் வந்தாலும் வீட்டில் நிற்காது. காலை எட்டரைக்கும் ஒன்பதேகாலுக்கும், மாலை நாலேகாலுக்கும் ஐந்துக்கும் தவறாமல் வரும் நான்கு பஸ் நடைகள், நாள் முழுக்க நினைத்தபோது வரும் பத்து நடைகளைவிட மேல்.

போகாத பயணம்

நெரிசலைக் குறைப்பதில் எல்லாவற்றையும்விட வலிமையான வழியைப் போக்குவரத்துத் துறை கையாள்வதே இல்லை: பயணத்தின் தேவையையே குறைப்பது. சங்கராபுரம் பகுதி ஒரு காலத்தில் தென்னார்க்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் கடற்கரையில் இருக்கும் கடலூர் போக வேண்டும். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. பயணம் விழுப்புரத்தோடு நின்றது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் நடைமுறைக்கு வந்தது. பயணம் கள்ளக்குறிச்சியோடு முடிந்தது. முன்பு சங்கராபுரம் வட்டத்தில் இருந்த கல்வராயன்மலை கிராமங்களுக்கும் தனி வட்டம் கிடைத்தது. சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் மலையிலிருந்து இறங்கி சங்கராபுரம் வர வேண்டிய தேவை குறைந்தது.

யாரும் இதைப் போக்குவரத்துத் திட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆபீஸ் பத்து மைல் கிட்டே வந்தால் சாலையிலிருந்து நீங்கும் வண்டிகளை எந்தச் சிக்னலாலும் நீக்க முடியாது. புதிய பள்ளி, மார்க்கெட், ஆஸ்பத்திரி எங்கே வர வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டமே உண்மையான போக்குவரத்துக் கூட்டம்.

எதில் தொடங்குவது?

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. வண்டியை ஒழுங்குபடுத்துவது போலீஸ். சாக்கடையும் கடைவாசலும் பேரூராட்சியுடையது. நாலு கை ஓசை ஒன்றாக எழ, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எண் ஒன்று வேண்டும். அதனால் முதல் வேலை எண்ணுவது. இரண்டாவது, செலவில்லாதவற்றைத் தற்காலிகமாகச் செய்து பார்ப்பது: மணல் மூட்டைகளும் பேரிகார்டும் வைத்து, பஸ் நிறுத்தத்தை ஒரு வாரம் தள்ளி வைத்து, அரவைக் கால டிராக்டர்களுக்குப் பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரம் தடை போட்டு. மூன்றாவது, மறுபடி எண்ணுவது. தாரும் சிமெண்டும் அதற்கு அப்புறம்.

இந்த எண்ணிக்கைக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பிளஸ் டூ மாணவர்கள் நாலு பேர், ஒரு திங்கட்கிழமை காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை, மும்முனையில் நிழல் விழும் பக்கம் நின்றால் போதும். ஒருவர் பைக்கையும் ஆட்டோவையும் எண்ணட்டும். ஒருவர் பஸ், லாரி, டிராக்டர். ஒருவர் வண்டிக்குள் இருக்கும் ஆட்களை. இன்னொருவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, சந்திப்பு மூடிக்கிடந்த விநாடிகளை மட்டும். அந்த நாலாவது ஆளின் தாளைப் பேரூராட்சித் தலைவரிடம் முதலில் கொடுங்கள்.